நம் பிள்ளைகளுக்குக் கதிரவனைக் காட்டுவோம்

(மக்தப் மதரஸா ஆண்டு விழாவில் பெற்றோர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பிள்ளைகளின் கல்வி குறித்துச் சில சொற்கள் பேசுமாறு நிர்வாகத்தினர் பணித்தனர். கல்வியோ கரையற்றது. ஆகவே ஒரேயொரு பாடத்தை எடுத்துக்கொள்கிறோம். அது கதிரவனும் அதனைச் சுற்றிவரும் கோள்களும் ஆகும். பள்ளிவாசலில் பேசத்தக்க பொருள்தானா இது என்று சிலருக்குத் தோன்றலாம். நாளொன்றுக்கு ஐந்து முறை கதிரவன் எங்கே நிற்கிறது என்று கணக்கிட்டு அதன்படி அணிவகுத்து நிற்கும் சமுதாயம் நாம். நம்மைவிட இதனைப் பேசத் தகுதியுடையோர் யார்?

நம் பள்ளிவாசலின் சுவரில் தொழுகை நேர அட்டவணை தொங்குகிறது. அதில் லுஹருடைய வரிசையை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். கதிரவன் உச்சி சாயும் நேரம் நம் ஏற்காட்டில் நவம்பர் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 12.01 மணி, பிப்ரவரி நடுவில் ஏறத்தாழ 12.31 மணி. அரை மணி நேரம் முன்னும் பின்னுமாக நகர்கிறது. உச்சிப் பொழுது என்றால் சரியாகப் பன்னிரண்டு மணிதானே, ஏன் இப்படி அலைகிறது என்று எத்தனை பிள்ளைகள் கேட்டிருப்பார்கள்? கேட்கவில்லையென்றால் குறை பிள்ளைகளிடம் இல்லை. அட்டவணையும் மின் கடிகாரமும் வந்த பிறகு பெரியவர்களாகிய நாமே முற்றத்தில் இறங்கி நிழலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டோம். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் என்று கோள்களின் பெயர்களை மூச்சு விடாமல் ஒப்பிக்கும் பிள்ளை, மாலையில் மேற்கே சுடர்விடும் வெள்ளியைக் காட்டினால் அது விமானத்தின் விளக்கு என்கிறது. பெயர் தெரிகிறது, பொருள் தெரியவில்லை. இதைத்தான் மாற்ற வேண்டும் என்கிறோம். முதலில் நிழல், அதன்பின் கதிரவன், அதன்பின் கோள்கள். பெயர்ப் பட்டியல் கடைசியில் வந்தால் போதும்.

நிழலின் பாடம் நமக்குப் புதிதன்று. மதரஸாக்களில் ஃபிக்ஹு கிதாபு ஓதியவர்கள் அனைவரும் அஸருடைய நேரத்தை நிழலைக் கொண்டே கற்றோம். ஒரு பொருளின் உச்சி நேர நிழலை ஒதுக்கிவிட்டு, அதன் நிழல் அதன் உயரத்திற்குச் சமமாகும்போது அஸர் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் கணக்கு. இரு மடங்காகும்போது என்பது ஹனஃபி மத்ஹபின் கணக்கு. தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தில் ஒரு காலத்தில் ஹைஅத் எனப்படும் வானவியல் நூல்களும் இடம்பெற்றிருந்தன. திமிஷ்க் நகரின் உமையாப் பெரும்பள்ளியில் முவக்கித், அதாவது நேரக் கணிப்பாளராகப் பணியாற்றிய இப்னு ஷாத்திர் என்பவர், 1371 ஆம் ஆண்டு அப்பள்ளியின் மினாராவுக்கென இரண்டு மீட்டர் நீளமுள்ள பளிங்கு நிழற்கடிகாரம் ஒன்றை அமைத்தார். பள்ளிவாசலில் மோதினாருக்கு இணையாக வானவியலாருக்கும் ஒரு பதவி இருந்த காலம் அது.

இப்போது நம் மலைக்கு வருவோம். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கம்பு ஒன்றைச் சமதரையில் செங்குத்தாக நட்டு, உச்சி நேர நிழலை ஆண்டு முழுவதும் அளந்து வந்தால் என்ன காண்போம்? டிசம்பர் 22 ஐ ஒட்டிய நாள்களில் நிழல் வடக்கு நோக்கி ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீண்டிருக்கும். மார்ச் 21 வாக்கில் அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கும். ஏப்ரல் 20, 21 தேதிகளில் நண்பகல் 12.16 மணியளவில் நிழல் கம்பின் காலடிக்குள் ஒடுங்கிக் காணாமற்போகும். கதிரவன் அப்போது நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அறிவியலார் இதனை நிழலில்லா நாள் என்கின்றனர். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில் நிகழும் இந்நிகழ்வு நாளுக்கு நாள் வடக்கே ஏறி, நம்மைக் கடந்து, ஏப்ரல் 24 வாக்கில் சென்னையை அடைகிறது.

அதற்குப் பின் நிகழ்வதுதான் பிள்ளைகளை வியப்பில் ஆழ்த்தக்கூடியது. ஏப்ரல் இறுதியிலிருந்து நிழல் மீண்டும் வளரத் தொடங்கும். ஆனால் இம்முறை தெற்கு நோக்கி! ஜூன் 21 வாக்கில் தெற்கே ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் இருக்கும். மார்ச் மாதத்தில் வடக்கே இருந்த அதே அளவு, இப்போது எதிர்த்திசையில். பின்னர் சுருங்கி, ஆகஸ்ட் 22 வாக்கில் மறுபடியும் மறைந்து, மீண்டும் வடக்கே திரும்பும். டெல்லியில் வாழும் பிள்ளைக்கு இக்காட்சி ஒருநாளும் கிட்டாது. அங்கே உச்சி நிழல் ஆண்டு முழுவதும் வடக்கேதான். இலண்டன் பிள்ளைக்கும் அவ்வாறே. கடக ரேகைக்குத் தெற்கே வாழும் நமக்கு வாய்த்த பாடம் இது. பூமி தன் அச்சில் 23 பாகைக்கும் சற்றுக் கூடுதலாகச் சாய்ந்து நின்று கதிரவனைச் சுற்றுகிறது என்ற வரியைப் பாடநூலில் நூறு முறை படிப்பதைவிட, இந்த ஒரு கம்பின் நிழல் வடக்கிலிருந்து தெற்கே தாண்டிப் போவதை ஒருமுறை பார்ப்பது மேல்.

மேலும் ஒன்று. மக்கா நகரிலும் ஆண்டுக்கு இருமுறை கதிரவன் கஅபாவுக்கு நேர் மேலே வருகிறது. மே 27 அல்லது 28 ஆம் நாள் நம் இந்திய நேரப்படி பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 15 அல்லது 16 ஆம் நாள் பிற்பகல் 2.57 மணிக்கும் அது நிகழ்கிறது. அந்த நிமிடத்தில் உலகில் எங்கெல்லாம் கதிரவன் தென்படுகிறதோ அங்கெல்லாம், கதிரவனை நோக்கி நிற்பவர் கிப்லாவை நோக்கி நிற்கிறார். நிழலின் நுனியிலிருந்து கம்பின் அடி வரை ஒரு கோடு இழுத்தால் அதுவே கிப்லாவின் திசை. ஏற்காட்டிலிருந்து அது நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து ஏறத்தாழ 20 பாகை வடக்கே சாய்ந்தது. திசைகாட்டி வேண்டாம், கைபேசி வேண்டாம். பத்து வயதுப் பிள்ளை தன் வீட்டு வாசலில் செய்து பார்த்துவிடலாம். வீட்டுத் தொழுகை விரிப்பைச் சரிசெய்துகொள்ளப் பெரியவர்களுக்கும் அது பயன்படும்.

கதிரவன் உண்மையில் நகர்கிறதா, நாம் நகர்கிறோமா என்பது பிள்ளைகள் அடுத்துக் கேட்கும் கேள்வி. இதற்கு நம் மலைச் சாலையைவிடச் சிறந்த பாடநூல் எங்கும் இல்லை. சேலத்திலிருந்து பேருந்தில் ஏறி 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வரும்போது, ஒரு வளைவில் சன்னலின் வலப்புறம் சுட்ட வெயில் அடுத்த வளைவில் இடப்புறம் சுடுகிறது. கதிரவன் பேருந்தைச் சுற்றி ஓடுகிறதா என்ன? பேருந்துதான் திரும்புகிறது. பூமியும் அவ்வாறே 24 மணி நேரத்தில் ஒருமுறை திரும்புகிறது. அதில் அமர்ந்திருக்கும் நமக்குக் கதிரவன் கிழக்கே ஏறி மேற்கே இறங்குவதாகத் தோன்றுகிறது. பேருந்தில் வாந்தி வருமே, பூமி சுற்றும்போது ஏன் வரவில்லை என்று ஒரு பிள்ளை கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். பேருந்து நிமிடத்திற்கு நிமிடம் வேகம் மாறிக் குலுக்குகிறது. பூமி குலுக்குவதில்லை, சீராகச் சுழல்கிறது.

இன்னொரு கேள்வி மலையில் பிறந்த பிள்ளைகளுக்கே உரியது. மலையில் இருக்கும் நாம் சேலத்துக்காரர்களைவிடக் கதிரவனுக்கு அருகில் இருக்கிறோம், பிறகு ஏன் நமக்குக் குளிர்கிறது? பெற்றோர்களே, இந்தக் கேள்வியை 'வாயை மூடு' என்று அடக்கிவிடாதீர்கள். கதிரவன் நமக்குச் சராசரியாக 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நம் மலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். சேலத்தைவிட ஒன்றேகால் கிலோமீட்டர் உயரம். பதினைந்து கோடியில் இந்த ஒன்றேகால் எம்மாத்திரம்? வெயில் காற்றை நேராகச் சுட வைப்பதில்லை. அது தரையைச் சுட வைக்கிறது. தரையே காற்றைச் சுட வைக்கிறது. சூடேறிய காற்று மேலெழும்போது அழுத்தம் குறைந்து விரிகிறது. விரியும் காற்று குளிர்கிறது. கிலோமீட்டருக்கு ஆறரைப் பாகை செல்சியஸ் என்பது பொதுவான கணக்கு. ஆகவேதான் சேலம் வெந்துகொண்டிருக்கும்போது இங்கே எட்டுப் பாகை குறைவாக நாம் இதமாக இருக்கிறோம். கூடுதலாக ஒரு செய்தியையும் சொல்லிவிடலாம். பூமி கதிரவனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், அதாவது நாம் கம்பளிக்குள் நடுங்கும் மார்கழியில், 14.7 கோடி கிலோமீட்டரில். மிகத் தொலைவில் செல்வது ஜூலைத் தொடக்கத்தில், 15.2 கோடி கிலோமீட்டரில். அருகில் இருப்பதால் வெப்பம், தொலைவில் இருப்பதால் குளிர் என்பதன்று. வெயில் சாய்ந்து விழுகிறதா, நேராக விழுகிறதா என்பதே கோடையையும் குளிரையும் முடிவு செய்கிறது. லுஹர் நேரம் அரை மணி அலைவதாகத் தொடக்கத்தில் சொன்னோமல்லவா? பூமியின் பாதை சரியான வட்டமாக இல்லாமல் சற்றே நீள்வட்டமாக இருப்பதும், அதன் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்துதான் அந்த அலைச்சலை உண்டாக்குகின்றன.

மலையின் உயரம் வெப்பத்தில் மட்டுமன்று, மஃரிபிலும் தெரிகிறது. உயரத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் தாழ்ந்து தெரியும். ஆகவே சமவெளியில் நிற்பவருக்கு மறைந்துவிட்ட கதிரவன் அவருக்கு இன்னும் மறைந்திராது. சேலத்தைவிட ஒன்றேகால் கிலோமீட்டர் உயரத்தில், தொடுவானம் தடையின்றித் தெரியும் இடத்தில் நிற்பவருக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் தாமதமாகக் கதிரவன் மறையும். துபாயில் புர்ஜ் கலீஃபா கட்டடம் எழுந்தபோது இதே கேள்வி எழுந்தது. 80 ஆம் தளத்திற்கு மேல் வசிப்போர் இரண்டு நிமிடமும், 150 ஆம் தளத்திற்கு மேல் வசிப்போர் மூன்று நிமிடமும் பிந்தி நோன்பு திறக்க வேண்டும் என்று அந்நகரின் மார்க்க அறிஞர்கள் 2011 இல் அறிவித்தனர். நம் மலையோ அக்கட்டடத்தைவிட உயரமானது. நாம் இதனை இங்கே ஃபத்வாவாகக் கூறவில்லை. பேணுதலுக்கான நிமிடங்கள், மறைக்கும் குன்றுகள் என்று பார்க்க வேண்டியவை பல உண்டு. பிள்ளைகள் சோதித்துப் பார்க்கட்டும் என்றே கூறுகிறோம். வானம் தெளிந்த ஒரு மாலையில் ஒரு குழுவினர் மகளிர் இருக்கை எனப்படும் லேடீஸ் சீட்டிலும், மற்றொரு குழுவினர் மலையடிவாரத்திலும் நின்று, கதிரவனின் கடைசி விளிம்பு மறையும் நேரத்தைக் குறித்துத் தொலைபேசியில் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அபூ ரைஹான் அல்பிரூனி, இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனா கோட்டை மலையின் மீது நின்று, இதே தொடுவானத் தாழ்வை அளந்தே பூமியின் பருமனைக் கணக்கிட்டார்.

இனிக் கோள்களுக்கு வருவோம். பாடநூலில் கதிரவனும் கோள்களும் ஒரே பக்கத்தில் வரிசையாக நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. தாளில் வேறு வழியில்லை. ஆனால் அந்தப் படம் பிள்ளையின் மனத்தில் தவறாகப் பதிந்துவிடுகிறது. நம் மலையில் மிளகுக்குப் பஞ்சமில்லை. ஒரு நல்ல பருத்த மிளகை எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்து மில்லிமீட்டர் குறுக்களவு என்று வைத்துக்கொள்வோம். அதுதான் பூமி. அப்படியானால் கதிரவன் எவ்வளவு பெரிது? பூமியைப் போல் 109 மடங்கு குறுக்களவு. ஏறத்தாழ 54 சென்டிமீட்டர். கந்தூரிக்குச் சோறாக்கும் தேக்சாவின் மூடி அளவு. அந்த மூடியைச் சாலையோரத்தில் நிறுத்திவிட்டு, மிளகைக் கையில் ஏந்தி 59 மீட்டர் நடக்க வேண்டும். அங்கேதான் பூமி! இடையில் 23 மீட்டரில் ஒரு கடுகு, அது புதன். 42 மீட்டரில் மற்றொரு மிளகு, அது வெள்ளி. பூமியாகிய மிளகிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள், 15 சென்டிமீட்டரில் ஒரு கசகசா மணி. அதுதான் நாம் பிறை பார்க்கும் சந்திரன். மனிதன் தன் காலால் சென்று வந்த தொலைவு இதுவரை அந்த ஒரு சாண்தான்.

89 மீட்டரில் மிளகில் பாதியாகச் செவ்வாய். அதற்கப்பால் வெகுதூரம் நடக்க வேண்டும். சிறுவர்கள் சலித்துக்கொள்வார்கள், சலிக்கட்டும், அதுவும் பாடமே. 305 மீட்டரில் ஒரு சிறிய கமலாப் பழம், அது வியாழன். 560 மீட்டரில் எலுமிச்சம்பழம், அது வளையமணிந்த சனி. ஒரு கிலோமீட்டரைத் தாண்டி ஒரு நெல்லிக்காய் யுரேனஸ். ஒன்றே முக்கால் கிலோமீட்டரில் இன்னொரு நெல்லிக்காய் நெப்டியூன். ஏரியை ஒட்டிய சாலையில் தொடங்கினால் ஊரைத் தாண்டிப் போய்விடுவோம். கோள்கள் எட்டு, ஒன்பதாவதாகப் பெரியவர்கள் படித்த புளூட்டோவை 2006 இல் உலக வானியலார் குறுங்கோள் என்று வகை மாற்றிவிட்டனர். அடுத்த விண்மீன் எங்கே என்று கேட்டால், இதே மிளகுக் கணக்கில் 15,000 கிலோமீட்டருக்கும் அப்பால். தேக்சா மூடியிலிருந்து மிளகு வரையிலான அந்த 59 மீட்டரை ஒளி கடக்க எட்டு நிமிடம் இருபது விநாடி ஆகிறது. அதாவது நாம் காணும் கதிரவன், எட்டு நிமிடங்களுக்கு முந்திய கதிரவன்.

கதிரவன் எப்படி எரிகிறது என்பதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அது விறகுத் தீயன்று. அதன் நடுவில் ஒன்றரைக் கோடிப் பாகை வெப்பத்தில் ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து ஹீலியமாகின்றன. அப்போது விநாடிக்கு நாற்பது இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட பொருள் ஆற்றலாக மாறிவிடுகிறது. 460 கோடி ஆண்டுகளாக இவ்வாறு எரிந்தும் இன்னும் அவ்வளவு காலத்திற்குரிய எரிபொருள் அதனிடம் மீதமிருக்கிறது. நம் காப்பித் தோட்டங்களில் நிழல் மரத்தைக் கவாத்துச் செய்யும்போது எந்தக் கிளையை வெட்டலாம், எதை விடலாம் என்று தொழிலாளர்கள் அண்ணாந்து பார்க்கிறார்களே, அவர்கள் கணக்குப் பார்ப்பது இந்த ஆற்றலைத்தான்.

இப்போது சற்று மனம் வருந்திப் பேச வேண்டிய பகுதி. 2019 டிசம்பர் 26 அன்று காலை எட்டு மணிக்குச் சற்றுப் பின் தொடங்கிய வளையக் கதிரவ மறைப்பு, கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி வழியாகத் தமிழகத்தைக் கடந்தது. நம் மலை அந்தப் பாதைக்குச் சற்று வடக்கே இருந்தமையால் இங்கே வளையம் தெரியவில்லையாயினும், கதிரவனின் மிகப் பெரும் பகுதி மறைந்து கீற்றாயிற்று. ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வாய்க்கும் அத்தகைய காலை வேளையில், கதவையும் சன்னலையும் அடைத்துப் பிள்ளைகளை உள்ளே வைத்திருந்த வீடுகள் நாடெங்கும் எத்தனையோ! தட்டில் உலக்கை நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோர் உண்டு. அடி தட்டையான உலக்கை மறைப்பு இல்லாத நாளிலும் நிற்கும், நிறுத்திப் பாருங்கள். கர்ப்பிணிப் பெண்களைத் தண்ணீர்கூடக் குடிக்கவிடாமல் அச்சுறுத்தும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. நம்மவர்களிடையேயும் இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல இயலாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடைய அருமை மகன் இப்ராஹீம் குழந்தைப் பருவத்தில் மறைந்த அன்று கதிரவ மறைப்பு நிகழ்ந்தது. இப்ராஹீமின் மறைவுக்காகத்தான் கதிரவன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். மகனை இழந்த தந்தைக்கு ஆறுதலாக இருந்திருக்கக்கூடிய பேச்சு அது. நபியவர்கள் அதனை ஏற்கவில்லை. எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கதிரவனும் சந்திரனும் மறைவதில்லை என்று அறிவித்து, மக்களைத் தொழுகைக்கு அழைத்தார்கள். வானவியலார் பின்னோக்கிக் கணக்கிட்டு அந்நாளைக் கி.பி. 632 ஜனவரி 27 என்கின்றனர். அந்த நபியின் உம்மத்தினர் மறைப்புக்கு அஞ்சிக் கதவடைக்கலாமா?

அஞ்ச வேண்டியது ஒன்றுக்கு மட்டுமே, அது கண்ணுக்கு. வெறுங்கண்ணால் கதிரவனை உற்றுப் பார்த்தால் விழித்திரை வெந்துவிடும், வலியும் தெரியாது. எக்ஸ்ரே படம், புகையேற்றிய கண்ணாடி, மஞ்சள் நீர் எதுவும் காவலாகாது. உரிய தரச் சான்றுள்ள மறைப்புக் கண்ணாடி வேண்டும். அது கிட்டவில்லையென்றால் கதிரவனுக்கு முதுகைக் காட்டி நின்று, ஓர் அட்டையில் குண்டூசியால் துளையிட்டு, அதன் வழியே வரும் ஒளியை வெள்ளைத் தாளில் விழச் செய்யுங்கள். தாளில் சின்னஞ்சிறு பிறை தோன்றும். இப்னுல் ஹைதம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைப்பின் வடிவத்தைப் பற்றி எழுதிய நூல், இத்தகைய துளையில் விழும் பிறையை ஆராய்ந்ததே. துளையிடவும் வேண்டாம், மரத்தடியில் நின்றால் இலையிடுக்குகள் ஒவ்வொன்றும் ஒரு துளையாகி, தரையெங்கும் நூற்றுக்கணக்கான பிறைகள் சிதறிக் கிடக்கும். நிழல் மரங்கள் நிறைந்த நம் மலைக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி ஏது? 2027 ஆகஸ்ட் 2 ஆம் நாளுக்குக் கணிக்கப்பட்டுள்ள முழு மறைப்பு புனித மக்காவின் மீதே கடப்பதாகும்; 2031 மே 21 ஆம் நாளின் வளைய மறைப்பு கொச்சி, தேனி, மதுரை, காரைக்குடி வழியாகச் செல்வதாகும். இத்தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றைப் போன்ற உண்மையான செய்திகளைக் கைபேசியில் பகிர்வோர் குறைவு. 2003 ஆகஸ்ட் 27 இல் செவ்வாய் பூமிக்கு மிக அருகில் வந்ததைத் திரித்து, அன்று வானில் இரண்டு நிலவுகள் தெரியும் என்று கிளப்பிவிட்ட பொய் மட்டும் ஆகஸ்ட் பிறந்தால் தவறாமல் வலம் வருகிறது.

கதிரவனை ஆராய்வதில் நம் மாநிலத்திற்குச் சிறப்பான இடம் உண்டு. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்திற்குப் பின், மழை பொய்ப்பதற்கும் கதிரவனின் கரும்புள்ளிகளுக்கும் தொடர்பு இருக்குமோ என்ற ஆராய்ச்சி எழுந்தது. அந்த எண்ணமும் துணைநிற்க 1899 இல் கொடைக்கானலில் ஆய்வகம் நிறுவப்பட்டது. நூறாண்டுக்கும் மேலாகக் கதிரவனின் படங்கள் அங்கே சேர்ந்துள்ளன. நமக்கு வடகிழக்கே ஜவ்வாது மலையின் காவலூரில் 1986 இல் நிறுவப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதற்கும் முன்னரே 1977 இல் யுரேனஸின் வளையங்கள் உலகின் வேறு சில இடங்களில் அறியப்பட்ட அதே நாளில் காவலூரிலும் பதிவாயின. சுற்றுலா என்றால் பூங்காவுக்கே செல்லும் நம் பிள்ளைகளை ஒருமுறை, முன்னரே அனுமதி கேட்டறிந்து, காவலூருக்கு அழைத்துச் செல்லுமாறு நிர்வாகத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம்.

2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலம், 2024 ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் இடத்தை அடைந்தது. நம் மிளகுக் கணக்கில் அது வெறும் அறுபது சென்டிமீட்டர். ஆயினும் இரவும் மறைப்பும் குறுக்கிடாமல் கதிரவனைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடிய இடம். அத்திட்டத்தின் இயக்குநராகப் பணியாற்றிய நிகார் ஷாஜி, செங்கோட்டையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அவ்வூர் அரசுப் பள்ளியில் பயின்று, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்று, 1987 இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். தந்தையர்களே, இதனை உங்களை நோக்கியே சொல்கிறோம். கணக்கில் நல்ல மதிப்பெண் எடுக்கும் பெண் பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, கல்லூரி மலைக்குக் கீழே இருக்கிறது, பேருந்து தொலைவு என்று காரணம் கூறுகிறோம். செங்கோட்டையிலும் பேருந்துதான் ஓடுகிறது.

நிறைவாக ஓர் ஏற்பாட்டை அறிவிக்கிறோம். வரும் ஏப்ரல் 20, 21 ஆகிய இரு நாள்களிலும் முற்பகல் 11.45 மணிக்குப் பள்ளிவாசல் முற்றத்தில் மக்தப் பிள்ளைகள் கூடுவார்கள், இன்ஷா அல்லாஹ். ஆண், பெண் பிள்ளைகள் இருபாலரும் வரலாம். பிற சமயத்து அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். ஒவ்வொருவரும் ஒரு நேரான கம்பு, அளவுகோல், சுண்ணக்கட்டி, தலைக்குத் துணி அல்லது தொப்பி, குடிநீர் கொண்டுவர வேண்டும். கம்பு செங்குத்தாக நிற்கிறதா என்று சோதிக்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றை நிர்வாகம் ஏற்பாடு செய்யும். ஐந்து நிமிடத்திற்கொருமுறை நிழலின் நுனியைக் குறிக்க வேண்டும். நிழல் மறைந்த நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, சுவரிலுள்ள அட்டவணையோடு பிள்ளைகளே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதன்பின் லுஹருக்குப் பாங்கு. இரண்டு நாளும் மேகம் மூடிவிட்டால் ஆகஸ்ட் 22 அன்று, நண்பகல் 12.20 மணியளவில்.